கடுகு காட்டிய இடம்

அன்றைக்குக் காலையில் அந்த வீட்டில் எல்லாரும் கடுகு மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, சட்டை தேச்சு வச்சிருக்குன்னு.”

“பார்த்துட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடும் அளவுக்குத்தான் இடைவெளி. இருந்தாலும் இரண்டாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகள் கடுகு, வாயில் பல் தேய்க்கும் நுரையோடு இங்கும் அங்கும் போய்ச் செய்தி சொன்னாள். சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொல்வாள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

காரணம், போன வாரத்துச் சண்டை. புருஷன் வீட்டை விட்டு ஒற்றைப் பெட்டியோடு வந்த டீச்சர், அண்ணன் வீட்டில் எத்தனை காலம் இருக்கப்போகிறாள் என்ற பேச்சு சாப்பாட்டு மேஜையில் கிளம்பியது. அண்ணி ஒன்று சொல்ல, அண்ணன் இரண்டு சொல்ல, இருவரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் தெருவுக்கு இழுத்தார்கள். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நேரம் பார்த்துக் கட்டடத்தின் லிஃப்ட் நின்றது. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அண்ணன் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போய், கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தபோது சண்டை ஆறிப்போயிருந்தது, பேச்சு மட்டும் திரும்பவில்லை.

டீச்சர் என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்தினாள். தன்னைப் பற்றிய சண்டையில் தானே போய் நிற்பது அழகில்லை என்பது அவள் கட்சி. அதையே மரியாதை என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த லிஃப்ட் அண்ணனுடைய மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு அவர்தான் வைத்தியர். குடியிருக்கிற கட்டடத்தின் லிஃப்டும் அவர் பொறுப்புத்தான். பழைய காலத்து லிஃப்ட். மடக்கி இழுக்கிற கம்பிக் கதவு. கதவு விரல் அளவு திறந்திருந்தாலும் அசையாது. அப்படித்தான் அது ஐந்தாவது மாடியில் போய் நின்றுகொண்டு, கூப்பிட்டால் வராமல் அடம்பிடித்தது. இவர் மூச்சு வாங்க மேலே ஏறிப் போனால் கதவு ஒழுங்காகச் சாத்தியிருக்கும். லிஃப்டும் சொன்னபடி கேட்கும். சுவிட்சை மாற்றினார். மாற்றின சுவிட்சையும் மாற்றினார். டாக்டர் வீட்டிலேயே காய்ச்சலா என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில், வாட்ச்மேன்தான் மேலே போய்க் கதவை அரைகுறையாகச் சாத்திவிட்டு வருகிறார் என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிவிட்டார். கண்ணால் பார்த்ததில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதற்காகச் சொன்னது. வாட்ச்மேன் இல்லவே இல்லை என்றார். மெக்கானிக் சொல்லும்போது வாட்ச்மேன் பேச்சு எடுபடுமா? மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி அவருக்குச் சொல்லியாகிவிட்டது.

புகார்மேல் புகார் போனதால், இன்றைக்குக் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசரே நேரில் வருகிறார். வாட்ச்மேன்தான் காரணம் என்று அவர் ஒப்புக்கொண்டால் அண்ணன் பெயர் தப்பிக்கும். இல்லையென்றால் வேலை தெரியாதவர் என்று முத்திரை குத்திவிடுவார்கள். அதற்குத்தான் அந்தத் தேய்த்த சட்டை.

டீச்சருக்கும் அன்று பெரிய நாள்.

இரண்டாம் வகுப்பில், உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று அவள் ஒருநாள் கேட்டபோது, பிள்ளைகள் டிவியில் பார்த்த பனிமலையையும் ஏரோபிளேனையும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பின்பக்கத் தெரு எங்கே போகிறது என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. அதனால் ‘என் இடம்’ என்று ஒரு நடைப்பயணம் ஏற்பாடு செய்தாள். வகுப்பே நடந்து போகும். பெயர் கொடுத்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் இடத்தைக் காட்டுவார்கள்.

அதற்குச் சட்டதிட்டம் எல்லாம் உண்டு. யாரும் கூட்டிக்கொண்டு போகாமல் நீயாகவே போகிற இடமாக இருக்க வேண்டும். அங்கே நின்றால் என்ன தெரியும், என்ன கேட்கும் என்று சொல்ல வேண்டும். அங்கே நீ வழக்கமாகச் செய்வதைச் செய்து காட்ட வேண்டும். முடிந்ததும் எல்லாரும் கைதட்ட வேண்டும். கூட வரும் பெரியவர்கள் குறுக்கே ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்தக் கடைசி விதியைத் தலைமையாசிரியை ரொம்பவும் மெச்சினார். அடுத்த வருடம் எல்லா வகுப்பிலும் செய்யலாம் என்று சொல்லியிருந்தார்.

“உன் இடம் அம்மா கடைதானே?” என்று அண்ணி தலை பின்னும்போது கேட்டாள். கடுகு தலையாட்டினாள். அண்ணி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். முதலாளியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, குழந்தைகள் போட்டுப் பார்க்கச் சின்னச் சின்ன ஃபிரேம்களை வரிசையாக எடுத்து வைத்திருந்தாள். நாத்தனார் மேல் என்ன கோபம் இருந்தாலும், மகள் காரியத்தில் அண்ணி குறை வைக்க மாட்டாள்.

ஊர்வலம் கிளம்பியது. துணைக்கு வந்த பெற்றோர்களில் பல் டாக்டரம்மாவும் உண்டு. கொஞ்சம் பூசின உடம்பு, பெரிய மனசு. தண்ணீர் பாட்டில் பை முழுவதையும் நானே தூக்குகிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

முதல் பையன் தன் மாமாவின் தையல்கடைக்குக் கூட்டிப்போய், மேஜைக்கு அடியில் நுழைந்து, வெட்டுத்துணிக் குவியலில் மல்லாந்து படுத்துக் காட்டினான். மெஷின் ஓடினால் முதுகு அதிரும் என்றான். நானும் நானும் என்று மொத்த வகுப்பும் மேஜைக்கு அடியில் புகப் பார்த்தது. அடுத்த பெண் பேக்கரியின் பின்சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். உள்ளே அடுப்பு, சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்குமாம். எல்லாப் பிள்ளைகளும் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்க, பேக்கரிக்காரர் வெளியே எட்டிப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல் உள்ளே போய்விட்டார். டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது.

மூன்றாவது கடுகு.

கடை வாசலில் அண்ணி நல்ல புடவையில் நின்றிருந்தாள். கடுகு படியேறவில்லை.

“டீச்சர், இது என் இடம் இல்ல.”

“நீதானேம்மா சொன்னே?”

“அம்மா கேட்டாங்க, நான் தலையாட்டினேன். இங்க அம்மாதான் கூட்டிட்டு வருவாங்க. நானா வந்ததே இல்ல. நானா போற இடம்தானே காட்டணும்?”

அண்ணியின் சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கிவிட்டது. அடுக்கி வைத்த ஃபிரேம்கள் கண்ணாடி வழியே தெரிந்தன. அந்த இடத்திலேயே டீச்சர் பேச்சை மாற்றியிருக்கலாம். பரவாயில்லை, இன்றைக்கு இதையே பார்ப்போம் என்றால் கடுகு கேட்டிருப்பாள். ஆனால் சட்டத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டாளே என்று டீச்சருக்குப் பெருமை. தலைமையாசிரியையிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது.

“சரி, உன் இடத்துக்கே கூட்டிட்டுப் போ” என்றாள்.

கடுகு முன்னால் நடந்தாள். எங்கே என்று அறியாத ஒரு கலவரத்தில், கடையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு அண்ணியும் பின்னால் வந்தாள்.

போய் நின்றது அவர்கள் குடியிருக்கும் கட்டடம். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து கேட்டை அகலத் திறந்துவிட்டார். பிள்ளைகள் படியேறினார்கள். பாட்டில் பையோடு பல் டாக்டரம்மாவால் முடியவில்லை. அவர் லிஃப்டில் வந்தார். ஐந்தாவது மாடியில் லிஃப்டை ஒட்டி, மொட்டைமாடிக்குப் போகிற நாலைந்து படிகள். கடுகு அதில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு மாடி கீழே இருக்கும் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவாள் என்று நினைத்திருந்த டீச்சருக்கு இது புதிது. அந்தப் படியில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

“இதான் என் இடம். இங்கேர்ந்து பார்த்தா லிஃப்ட் தெரியும். எங்க வீட்டுச் சத்தம் கேக்கும். என்ன பேசறாங்கன்னு புரியாது, சத்தம் மட்டும் கேக்கும். அதனால இது நல்ல இடம்.”

“என்ன சத்தம்?” என்றான் தையல்கடைப் பையன்.

“அப்பா அம்மா சண்டை போடற சத்தம்.”

பெரியவர்கள் பேசக் கூடாது என்பது விதி. பல் டாக்டரம்மா தண்ணீர் பாட்டில்களை எண்ணுவது போலக் குனிந்துகொண்டார். அண்ணி படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள்.

கடுகு எழுந்து, பாவாடைப் பையிலிருந்து பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்தாள். லிஃப்டின் கம்பிக் கதவைக் கொஞ்சமாக இழுத்து, சந்தில் ரப்பரைச் செருகினாள். அவள் கைக்கு அது நன்றாகப் பழகியிருந்தது.

“இப்படி வச்சா லிஃப்ட் போகாது. கீழ நிக்கறவங்க எங்கப்பாவைத்தான் கூப்பிடுவாங்க. அப்பா வீட்டை விட்டு வந்துருவாரு. அப்பா வந்துட்டா அம்மா யார்கூட சண்டை போடுவாங்க? நின்னுடும்.”

“தனியா இருக்க பயமா இருக்காதா?” என்றாள் பேக்கரிச் சுவர்ப் பெண்.

“இருக்கும். முதல்ல அத்தை ரூமுக்குத்தான் போவேன். அத்தை கதவைச் சாத்திக்குவாங்க.”

பள்ளிக்கூட நேரத்தில் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது வீட்டில் போட்ட ஒப்பந்தம். அதைக் கடுகு மறந்துவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி டீச்சரைப் பார்த்தன. அவளுக்குக் காது மடல் எரிந்தது. பார்வையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், யாருமில்லாத மொட்டைமாடிக் கதவையே பார்த்தாள். சண்டை நடந்த நாட்களில் அவள் கதவுக்குப் பின்னால் நோட்டு திருத்தியபோது, வெளியே ஒரு குழந்தை நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. தட்டக்கூட இல்லை. தட்டினால் திறப்பாள் என்று அதற்குத் தோன்றவில்லை.

கீழே யாரோ லிஃப்ட் பட்டனை அழுத்தினார்கள். லிஃப்ட் அசையவில்லை.

கடுகு விரலைத் தூக்கினாள். “இப்ப அப்பா, ‘மேல யாரு, கதவைச் சாத்துங்க’ன்னு கத்துவாரு பாரேன்.”

“மேல யாரு? கதவைச் சாத்துங்க!” என்று கீழேயிருந்து அண்ணன் குரல் வந்தது.

பிள்ளைகளுக்குத் தாங்கவில்லை. துள்ளிக் குதித்தார்கள். அண்ணி மட்டும் வேண்டாம், வேண்டாம் என்று வாய்க்குள் சொன்னாள். அது யார் காதிலும் விழவில்லை.

படிகளில் இரண்டு ஜோடிக் காலடிச் சத்தம். கடுகு அவசரமாக ரப்பரை எடுத்தாள், கதவைச் சாத்தினாள், ஓடிப் போய்ப் படியில் உட்கார்ந்தாள். “அப்பா லிஃப்டைத்தான் பார்ப்பாரு. என்னைப் பார்க்க மாட்டாரு” என்று கிசுகிசுத்தாள்.

அண்ணன் வந்தார். தேய்த்த சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு வகுப்பே நிற்கிறது. அது கண்ணில் படுவதற்குள் அவர் நேரே லிஃப்டிடம் போய்க் கம்பிக் கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்து, விதிப்படி கையும் தட்டினார்கள். வேறு யாருக்கும் அவ்வளவு பலமாகத் தட்டவில்லை. கடுகு வெட்கத்தோடு சிரித்தாள்.

கைதட்டல் ஓயும்போது அண்ணன் ஒவ்வொருவராகப் பார்த்தார். பல் டாக்டரம்மா, தங்கை, மனைவி, கடைசியாக மகள், அவள் கையில் இருந்த ரப்பர். பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் மேல்படியில் நின்றார். கதவு சாத்தும் சத்தமும் குழந்தையின் கிசுகிசுப்பும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“பாப்பா, கதவுல என்ன வச்சே?” என்றார் மெதுவாக.

கடுகு திரும்ப ஒருமுறை எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள்.

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். “குழந்தை சார். கதை விடறதுல கெட்டிக்காரி. வாட்ச்மேன் பண்றதைப் பார்த்திருப்பா, தான் பண்ணினதா சொல்றா. எங்க வீட்டுல சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

கடுகு அப்பாவையே பார்த்தாள். அந்த முகத்தை டீச்சர் வகுப்பில் பார்த்திருக்கிறாள். சரியாகப் போட்ட கணக்கைத் தப்பு என்று அடித்தால் குழந்தைகளுக்கு வருகிற முகம்.

“நீ பொய்யா சொன்னே?” என்று தையல்கடைப் பையன் கேட்டான். இன்னும் ஒரு நிமிடம் போனால் கடுகு ஆமாம் என்று சொல்லிவிடுவாள். அப்பாவுக்காகச் சொல்லிவிடுவாள். சூப்பர்வைசர் அதை எழுதிக்கொண்டு போவார். வாட்ச்மேன் தன் துணிமணியைக் கட்டிக்கொண்டு போவார். இருக்க இடம் கொடுத்த அண்ணன் மானம் பிழைத்துக்கொள்ளும். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் டீச்சருக்கு நன்றாக வருமே.

“அவ பொய் சொல்லல சார்” என்றாள். “வீட்டுல சண்டை நடக்கறது நிஜம். என்னாலதான் நடக்குது. நான் கதவைச் சாத்திக்கறதும் நிஜம்.”

தன் குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. அண்ணன் தலை குனிந்தார். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையைத் துடைப்பது போலத்தான் துடைத்தாள்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷர். பிள்ளைகளுக்கு முன்னால் ஒன்றும் கேட்கவில்லை. “நான் கீழ இருக்கேன், வாங்க” என்று அண்ணன் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால் அண்ணனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அண்ணன் வாட்ச்மேனிடம் போனார். மேலே நடந்தது முழுவதும் அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. தப்பு என் மேல்தான், சங்கத்தில் நானே சொல்லிவிட்டேன், நீங்கள் இருங்கள் என்று அண்ணன் சொல்லி முடிக்கும்வரை வாட்ச்மேன் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். “யோசிச்சு சொல்றேன்” என்றார். வழக்கமாக அண்ணனைக் கண்டால் எழுந்து நிற்பவர், அன்று நாற்காலியை விட்டு எழவில்லை.

அண்ணி கடைக்குப் போகவில்லை. பல் டாக்டரம்மா அடுத்த வாரம் கண்ணாடி வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கண்ணுக்கு நேரே எப்படி லென்ஸை நீட்டுவது என்பதே அவளுக்குக் கவலையாக இருந்தது. டீச்சரின் அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே கட்டிலின் மேல் அந்த ஒற்றைப் பெட்டி. பாதி துணி அடுக்கியாகிவிட்டது. வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதியில் இடம் கேட்டு அவள் போன் பேசியதை அண்ணி கேட்டாள். இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. இத்தனை நாள் அண்ணி கேட்டது நாத்தனார் போவதைத்தான். கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். விருந்துக்கு வந்தவர்கள் போல அத்தனை மரியாதை. இன்னும் கொஞ்சம் போட்டுக்கறீங்களா, போதும்மா, தண்ணி வேணுமா என்று நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். கடுகுக்குச் செய்தி சொல்லும் வேலை இல்லாமல் போய்விட்டது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள்.

“என் இடம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு” என்றாள் திடீரென்று. “இனிமே சண்டை வந்தா நான் எங்க போறது?”

டீச்சர் வாயைத் திறந்தாள். என் அறைக்கு வா என்று சொல்ல வந்தவளுக்குக் கட்டிலில் இருந்த பெட்டி நினைவுக்கு வந்தது, சொல்லவில்லை.

அண்ணிதான் மகள் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இனிமே சண்டையே வராதுடா கண்ணு. அம்மா சொல்றேன்ல?”

கடுகு யோசித்தாள். பெரியவர்கள் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது என்றுதான் யோசித்திருக்க வேண்டும்.

“சரிம்மா” என்றாள். “ஆனா, வந்தா?”